சுகர் ஃப்ரீயும் ஸ்பூன் ஃப்ரீயும்

பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி வந்த புதிதில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மேலே 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குச் சர்க்கரையே ஆகாதுங்கிறாங்க, இவன் இலவசமா வேற தர்றானா?" என்றார். வீடே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. அலமாரியில் இருந்த சத்துமாவு டப்பாவில் 'ஸ்பூன் ஃப்ரீ' என்று எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே ஸ்பூன் இருந்தது. ஒரே சொல், ஒன்றில் உண்டு, இன்னொன்றில் கிடையாது.

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்த்துவைப்பது சொல் நிற்கும் இடம்தான். 'ஃப்ரீ ஸ்பூன்' என்று முன்னால் வந்தால் காசில்லாத ஸ்பூன். 'சுகர் ஃப்ரீ' என்று பின்னால் ஒட்டிக்கொண்டால் சர்க்கரை இல்லாதது. நம் கடைக்காரர்கள் 'ஸ்பூன் இலவசம்' என்ற தமிழ் வரிசையை வைத்துக்கொண்டு கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டார்கள். பெரியம்மா தமிழ் இலக்கணப்படி சரியாகத்தான் படித்தார்.

பின்னால் ஒட்டும் இந்த ஃப்ரீக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. எது வேண்டாததோ அதோடுதான் அது சேரும்: புகை, ஈயம், வரி. சம்பளம் இல்லாத வேலையை யாரும் 'சாலரி ஃப்ரீ' என்று விளம்பரம் செய்ய மாட்டார்கள். இல்லை என்பதைச் சொல்ல 'லெஸ்' என்று இன்னொரு ஒட்டும் உண்டு. 'கேர்லெஸ்' என்றால் திட்டு. 'கேர்ஃப்ரீ' என்றால் கவலையில்லாத மனிதர். பிள்ளை இல்லாததைக் குறையாகப் பார்த்தால் 'சைல்ட்லெஸ்', வேண்டாம் என்று தாமே முடிவெடுத்தவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'சைல்ட்ஃப்ரீ'. இல்லாதது ஒன்றுதான், சொல்பவரின் மனசு வேறு.

தமிழில் இத்தனை வேலையையும் ஒரு சொல்லிடம் கொடுப்பதில்லை. பஸ்ஸில் ஸீட் ஃப்ரீ என்றால் காலி. சாயங்காலம் ஃப்ரீயா என்றால் வேலை இல்லையா. காசு கேட்காவிட்டால் இலவசம், கொஞ்சம் நக்கலாக ஓசி. இதெல்லாம் 'ஃப்ரீ' என்ற உரிச்சொல்லுக்கு மட்டும்தான், 'ஃப்ரீடம்' என்ற பெயர்ச்சொல்லுக்கு இல்லை. காலி ஸீட்டுக்கும் இலவச ஸ்பூனுக்கும் ஆங்கிலத்தில் ஃப்ரீடம் கிடையாது. பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் மனிதர்களுக்கு உரியது. பொறியியலில் மட்டும் பொருள்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள்: அந்தரத்தில் மிதக்கும் ஒரு திடப்பொருளுக்கு 6 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்', மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். கீலில் மாட்டிய கதவுக்கு ஒன்றே ஒன்று.

ஃப்ரீக்கு இலவசம், சுதந்திரம் என்று இருக்கும் இரட்டை அர்த்தம் ஒரு இயக்கத்தையே படுத்தியிருக்கிறது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் 'குனூ' என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். அவர் சொன்ன 'ஃப்ரீ சாஃப்ட்வேர்', யாரும் திறந்து பார்த்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருள். கேட்டவர்களோ 'விலை இல்லையாமே' என்றார்கள். பேச்சுச் சுதந்திரத்தில் வரும் ஃப்ரீ, ஓசி பீரில் வரும் ஃப்ரீ இல்லை என்று அவர் காலமெல்லாம் விளக்க வேண்டியிருந்தது. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் சொல்லே தேவலை.

ஃப்ரீடமுக்கு வருவோம். அதன் உயிர் பின்னால் வரும் குட்டிச் சொல்லில் இருக்கிறது. 1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்ற உரையில் நான்கு சுதந்திரங்களைப் பட்டியலிட்டார். பேச்சு, வழிபாடு இரண்டுக்கும் 'ஆஃப்' போட்டார். வறுமை, அச்சம் இரண்டுக்கும் 'ஃப்ரம்' போட்டார். ஆஃப் வந்தால் நாம் செய்யப்போவது, ஃப்ரம் வந்தால் நம்மை விட்டுத் தொலைய வேண்டியது. ஆங்கிலத்தில் நான்கும் ஒரே சொல்லில் அடங்கி அண்ணன் தம்பி போல நிற்கின்றன. தமிழில் முதலாவதைப் பேச்சுரிமை என்போம், மூன்றாவதை வறுமையிலிருந்து விடுதலை என்போம். பட்டியல் சிதறிவிடுகிறது, ஆனால் எது எந்த வகை என்பது பளிச்சென்று தெரிகிறது.

கூடவே 'லிபர்ட்டி' என்று ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிறகு பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல் அது. 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதைப் பற்றி உரையாற்றிய தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின், இரண்டையும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துவேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பேச்சில் அது நடக்காது. ஒருவர் 'லிபர்ட்டீஸ்' எடுத்துக்கொண்டார் என்றால், அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொண்டார் என்று பொருள். அங்கே ஃப்ரீடத்தை வைத்தால் வாக்கியம் நொண்டும்.

ஃப்ரீ மட்டும் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அதன் வேர் எனக்கு ரொம்பப் பிடித்தது. சமஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கிக்கொண்ட 'பிரியம்' அதே வேரில் முளைத்ததுதான். அந்த வேருக்குப் பொருள் அன்பு. ஜெர்மானிய மொழிகளில் பழைய 'ப' ஒலி 'ஃப' ஆனது: பிதா, ஃபாதர், பாதம், ஃபுட். இந்த ஒலி மாற்றத்தை 1822இல் ஒழுங்குபடுத்திச் சொன்னவர் யாக்கோப் கிரிம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர். ஃப்ரெண்டும் இதே குடும்பம்தான்.

அன்பு எப்படிச் சுதந்திரம் ஆனது? அந்தக் காலத்துப் பெரிய வீட்டில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். பிரியமானவர்கள், அதாவது ரத்த உறவினர், ஒரு வகை. அடிமைகள் இன்னொரு வகை. 'நம்ம பிரியப்பட்டவர்' என்றாலே அடிமை இல்லாதவர் என்று ஆனது என்பது மொழியியலாளர்கள் தரும் விளக்கம். லத்தீனிலும் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'லீபெரி' என்று பெயர். சுதந்திரமானவர்கள் என்பதற்கும் அதே சொல். ஆக, இன்றைக்கு ஒட்டும் உறவும் வேண்டாம் என்று கிளம்புகிறவர் முழங்கும் சொல், ஒரு காலத்தில் 'இவர் எங்கள் வீட்டு ஆள்' என்று சொல்லப் பிறந்தது.