செயலியின் கண்ணுக்கு எந்தக் கோப்பு தெரியலாம்? லினக்ஸ் சாண்ட்பாக்ஸில் அனுமதிகள் செயல்படும் விதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் ஆகிய ஊர்களின் கணினி மையங்களுக்கு மீனவக் குடும்பத்தினர் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், படகின் பதிவுச் சான்று ஆகியவற்றை ஸ்கேன் செய்ய எடுத்து வருகிறார்கள். நகல்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கணினியில், ஒரே கோப்புறையில் சேர்கின்றன. பக்கங்களைப் பிரித்துச் சேர்க்கும் பிடிஎஃப் கருவியும், படம் திருத்தும் செயலியும், ஓய்வு நேரத்துக்கான விளையாட்டும் அதே கணினியில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தீய நோக்கத்துடன் எழுதப்பட்டிருந்தால் அந்த நகல்களை எது காக்கும் என்பது ஒவ்வொரு மையத்தாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய அனுமதி முறை இங்கே போதாது. கோப்பின் உரிமையாளர், அவர் சார்ந்த குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று உரிமைகளைத் தனித்தனியே வழங்கும் அந்த ஒன்பது பிட் முறை, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட யூனிக்ஸ் காலத்தில், ஒருவரிடமிருந்து இன்னொருவரின் கோப்பைக் காப்பதற்காக உருவானது. ஆனால் நாம் திறக்கும் எந்தச் செயலியும் நம் பெயரிலேயே ஓடுவதால், நாம் படிக்கக்கூடிய அனைத்தையும் அதுவும் படிக்கலாம். சதுரங்க விளையாட்டு ஒன்று வங்கிப் புத்தக நகலைத் திறந்தால்கூட, உரிமையாளரே திறக்கிறார் என்றுதான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கருதும்.

செயலிகளைச் சாண்ட்பாக்ஸ் என்ற அடைப்புக்குள் வைத்து ஓட்டும் ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை இதற்கு வேறொரு வழியைக் கையாள்கிறது. 2002ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலின் 2.4.19 பதிப்பில் வந்த மவுண்ட் நேம்ஸ்பேஸ் என்ற வசதி, ஒவ்வொரு செயலிக்கும் கோப்பு அமைப்பின் வெவ்வேறு தோற்றத்தைக் காட்ட வழி செய்கிறது. செயலி தொடங்கும் தருணத்தில், பபிள்ராப் என்ற சிறு நிரல் வெறுமையான ஒரு கோப்பு மரத்தை உருவாக்கி, அதில் செயலியின் நிரல்களையும், அதற்குத் தேவையான பொது நூலகங்களையும், அந்தச் செயலிக்கென்றே ஒதுக்கப்பட்ட தரவுக் கோப்புறையையும் மட்டும் பொருத்துகிறது. பொருத்தப்படாத எதுவும் செயலியின் பார்வையில் இருப்பதே இல்லை. அது ஆதார் நகலைத் தேடினால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதில் வராது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற பதில்தான் வரும். மறுப்பு என்பது அங்கே ஏதோ இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இல்லாமையில் அந்தத் தடயமும் கிடையாது.

எதைப் பொருத்துவது என்பதை முதலில் தீர்மானிப்பவர் செயலியை உருவாக்கியவர். பதிவிறக்கக் கோப்புறை மட்டும், படங்கள் மட்டும், பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறை முழுவதும், கணினியில் உள்ள பெரும்பாலான இடங்கள் என்று அவர் கேட்கலாம். படிக்க மட்டும் என்றோ எழுதவும் சேர்த்தோ கேட்கலாம். என் கருத்தில் இங்கேதான் பலவீனம் இருக்கிறது. பயனர் தொந்தரவின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகப் பல செயலிகள் ஹோம் முழுவதையும் கேட்டுவிடுகின்றன. ஹோமில் எழுதும் உரிமை கிடைத்த செயலி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தானாக ஓடும் தொடக்கக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும், அந்த வரி சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும். அத்தகைய செயலியைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நம்புவது ஆபத்து.

பயனருக்கு இதைத் திருத்தும் உரிமை உண்டு. ஃபிளாட்சீல் என்ற வரைகலைக் கருவியிலோ டெர்மினலிலோ நாம் செய்யும் மாற்றங்கள் செயலியோடு சேராமல் தனிக் கோப்பில் பதிவாவதால், செயலி புதுப்பிக்கப்பட்டாலும் அழிவதில்லை. கோப்பு மரம் தொடக்கத்தில் கட்டப்படுவதால், மாற்றத்துக்குப் பின் செயலியை மூடித் திறக்க வேண்டும். இது தெரியாதவர்கள், அனுமதி கொடுத்தும் வேலை செய்யவில்லை என்று எண்ணி, மேலும் மேலும் அனுமதிகளைத் திறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஹோமையே மறைத்துவிட்ட பிடிஎஃப் கருவி ஸ்கேன் கோப்பை எப்படித் திறக்கும்? இந்த அமைப்பிலேயே அழகான பகுதி இதுதான். கோப்பைத் திற என்ற பொத்தானை அழுத்தும்போது தோன்றும் சாளரம் செயலிக்குச் சொந்தமானது அல்ல. சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும் போர்ட்டல் என்ற சேவை அதைக் காட்டுகிறது. நாம் கோப்புறைகளில் உலாவுவதும், அங்கே எத்தனை பேருடைய நகல்கள் இருக்கின்றன என்பதும் செயலிக்குத் தெரியாது. படகுப் பதிவுச் சான்றைத் தேர்ந்தெடுத்ததும், அந்த ஒரு கோப்பை மட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த பெயருடைய ஒரு தனிக் கோப்புறையில் இருப்பதாகச் செயலிக்குப் போர்ட்டல் காட்டுகிறது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் பதிவறைக்குள் சென்று கேட்ட கோப்பை மட்டும் மேசைக்கு எடுத்து வருவதைப் போன்றது இது. தனியாக எந்த அனுமதிக் கேள்வியும் இல்லை. தேர்ந்தெடுக்கும் செயலே அனுமதியாகிவிடுகிறது. இப்படிக் கொடுத்தவற்றின் பட்டியலை டெர்மினலில் பார்த்துத் திரும்பப் பெறவும் முடியும்.

ஒரு கோப்பு என்பது பல கோப்புகளின் தொகுப்பாக இருக்கும்போது இந்த அழகு சிக்கலாகிறது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை வரைபடமாக்கும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பயன்படுத்தும் ஷேப்ஃபைல் வடிவத்தில், தீவுகளின் வடிவம் ஒரு கோப்பிலும், அந்த வடிவங்களுக்கான சுட்டி (இண்டெக்ஸ்) இன்னொன்றிலும், தீவின் பெயர், பரப்பு போன்ற விவரங்கள் மூன்றாவதிலும் இருக்கும். விரிந்த அனுமதிகளை நீக்கிய வரைபடச் செயலியில் முதல் கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால், பக்கத்திலிருக்கும் மற்ற இரண்டும் செயலிக்குத் தெரியாது. வரைபடம் திறக்காமலோ பெயர்களின்றியோ போகலாம். திரைப்படத்தைத் திறந்தும் அதன் வசன வரிக் கோப்பு ஏறாமல் போவதற்கும் இதுவே காரணம். அப்போது, அந்தத் தரவுகள் உள்ள ஒரு கோப்புறைக்கு மட்டும், முடிந்தால் படிக்க மட்டும், நிலையான அனுமதி கொடுப்பதே சரி. ஹோம் முழுவதையும் திறக்கத் தேவையில்லை.

பென்டிரைவ் தனிக் கதை. அது ஹோமுக்கு வெளியே பொருத்தப்படுவதால், ஹோம் அனுமதி பெற்ற ஃபிளாட்பேக் செயலிக்கும் நேரடியாகத் தெரியாது; போர்ட்டல் வழியாகத் திறக்கலாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் பரவலாக உள்ள, ஃபிளாட்பேக்கைப் போன்ற ஸ்னாப் முறையிலும் வெளிச் சாதனங்களுக்கான இணைப்பை வழக்கமாகப் பயனரே கையால் இயக்க வேண்டும். அங்கே ஆப்ஆர்மர் என்ற கெர்னல் காவலுக்கும் பெரும்பங்கு உண்டு. அது பாதைகளைப் பார்த்து மறுப்பதால், செயலிக்கு மறுப்புச் செய்தியே கிடைக்கிறது.

கோப்பு அனுமதியை நெட்வொர்க் அனுமதியோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆவணத்தைப் படித்தாலும் வெளியே அனுப்ப வழியில்லாத செயலியால் விளையும் தீங்கு மிகவும் குறைவு. பக்கங்களைச் சேர்க்கும் கருவிக்கு இணையம் எதற்கு? ஃபிளாட்சீலில் அதன் நெட்வொர்க் அனுமதியை அணைத்துவிட்டு, ஹோம் அனுமதியையும் நீக்கி, மூடித் திறந்து பாருங்கள். போர்ட்டலைப் பயன்படுத்தும்படி எழுதப்பட்ட செயலியாக இருந்தால் வேலை முன்போலவே நடக்கும். நடக்காவிட்டால் ஸ்கேன் கோப்புறையை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கே தவறியது என்று தெரியாதபோது, நம் மாற்றங்கள் அனைத்தையும் நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் அதே கருவியில் இருக்கிறது.