தீவனக் கலவையில் நேரியல் திட்டமிடல்: சால்வரிடம் சொல்ல மறப்பவை

முட்டைக்கோழித் தீவனம் 100 கிலோ அரைக்க வேண்டும். செலவு குறைய வேண்டும், சத்து குறையக்கூடாது. இப்படி நேர்கோட்டுக் கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடுவதுதான் நேரியல் திட்டமிடல்; தேடித் தருவது எக்செல்லில் உள்ள சால்வர் என்ற கருவி. கையில் நான்கு சரக்கு. மக்காச்சோளம் கிலோ ₹25, புரதம் 9%, எரிசக்தி 3300 கிலோகலோரி. சோயா புண்ணாக்கு ₹45, புரதம் 45%, 2300 கிலோகலோரி, கால்சியம் 0.3%. எண்ணெய் எடுத்த தவிடு ₹15, புரதம் 15%, 2000 கிலோகலோரி, கால்சியம் 0.1%. கிளிஞ்சல் ₹5, கால்சியம் 38%. விலைகள் கணக்குக்காக வைத்தவை. சத்தளவு லோடுக்கு லோடு மாறும். ஆய்வக அறிக்கையைப் பார்த்துப் போடுங்கள். பாஸ்பரஸ், அமினோ அமிலங்கள், நார்ச்சத்து எல்லாம் நிஜக் கலவையில் சேரும். இங்கே விட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சரக்கின் எடையும் ஒரு மாறி. மொத்தச் செலவு குறிக்கோள் சார்பு, அதாவது குறைக்க வேண்டிய அளவு. புரதம் குறைந்தது 17 கிலோ, எரிசக்தி 2,55,000 கிலோகலோரி, கால்சியம் 3.6 கிலோ, மொத்த எடை சரியாக 100 கிலோ என நான்கு கட்டுப்பாடுகள். எந்த மாறியும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. எக்செல் சால்வரில் நேரியல் கணக்குகளுக்கான ‘சிம்ப்ளெக்ஸ் எல்பி’ முறையைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் மக்காச்சோளம் 51.56, சோயா 21.61, தவிடு 17.57, கிளிஞ்சல் 9.26 கிலோ வரும். செலவு ₹2571.

அடிக்கடி விட்டுப்போவது அந்த 100 கிலோ வரிதான். அதை எழுதாமல் ஓட்டிப் பாருங்கள்: தவிடு 127.5, கிளிஞ்சல் 9.1, செலவு வெறும் ₹1958! சால்வர் குறை எதுவும் சொல்லாது. ஆனால் கலவை 136 கிலோவைத் தாண்டிவிட்டது; கிலோவுக்கு எரிசக்தி 1900 கூட இல்லை. கேட்டதைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, முழு எண்ணாக்கும் அவசரம். 52, 22, 17, 9 என்று மாற்றினால் கூட்டுத்தொகை 100 வரும், கால்சியம் 3.5 கிலோவாக இறங்கிவிடும். உகந்த விடை கட்டுப்பாடுகளின் விளிம்பிலேயே நிற்பதால் சிறு திருத்தமும் எல்லையை மீறக்கூடும். தராசு அரைக் கிலோவுக்குத்தான் சரியாக நிறுக்கும் என்றால் தேவையளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

சரக்குப் பட்டியலை இருபதாக நீட்டினாலும் நான்கு கட்டுப்பாடுகளுக்கு சிம்ப்ளெக்ஸ் தரும் விடையில் நான்குக்கு மேல் சரக்கு இருக்காது. இதே கணக்கை மனித உணவுக்குப் போட்டவர் பொருளியலாளர் ஸ்டிக்லர்: ஒருவருக்கான மிக மலிவான உணவுக்கு 1945இல் அவர் 77 உணவுகள், 9 சத்துகளை வைத்துத் தோராயமாகக் கண்ட ஆண்டுச் செலவு 39.93 டாலர். 1947இல் கணிதவியலாளர் டான்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறையில் வந்தது 39.69. ஸ்டிக்லர் நன்றாகவே ஊகித்திருக்கிறார்.

விடையோடு வரும் உணர்திறன் அறிக்கையையும் (தேவையளவு மாறினால் செலவு எப்படி மாறும் என்று காட்டுவது) திறந்து பாருங்கள். புரதத்தின் நிழல் விலை ஏறத்தாழ ₹88. அதாவது 17ஐ 18 ஆக்கினால் 100 கிலோவுக்கு அவ்வளவு கூடும். அறிக்கை காட்டும் வரம்புக்குள்தான் அந்த எண் செல்லும்.

எரிசக்தியை 3,00,000 என்று வைத்தால் சால்வர் ‘தீர்வு இல்லை’ என்றுவிடும். கால்சியத்துக்குக் கிளிஞ்சல் ஏறத்தாழ 9.5 கிலோ போனபின், மிச்சம் முழுவதும் மக்காச்சோளமாக இருந்தாலும் அந்த அளவு எட்டாது. தாவர எண்ணெயை ஐந்தாவது மாறியாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தேவையைக் குறைக்க வேண்டும்.