போதைப்பொருள் வழக்கில் இரண்டாம் முறை தண்டனை: குறைப்புக்கு எங்கே இடமுண்டு?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நெருங்கும்போது, அண்ணா பிறந்தநாளை ஒட்டிய முன்விடுதலையில் தங்கள் பிள்ளையின் பெயரும் வருமா என்று, கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. வராது என்பதே சட்டத்தின் பதில். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 1989இல் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்கான 27ஆம் பிரிவைத் தவிர, அச்சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் எந்தத் தண்டனையையும் அரசு குறைக்கவிடாமல் தடுக்கிறது; முதல்முறை சிக்கியவருக்கும் இத்தடை பொருந்தும். ஆகவே, சிறையில் ஆளைப் பிடித்துத் தண்டனையைக் குறைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

தாது எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்பிரிவை முழுவதுமாக நீக்கவில்லை. மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறித்த பகுதியை மட்டுமே செல்லாது என்றது. அந்த நிறுத்திவைப்பும், ஜாமீன் பற்றிய 37ஆம் பிரிவின் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. பரோலுக்கு 32ஏ தடையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது தண்டனைக் குறைப்பு ஆகாது. அது கைதியின் உரிமை.

மீண்டும் தண்டனை பெறுபவரின் நிலை இதைவிடக் கடினம். 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுக்கு முதல்முறை 10 முதல் 20 ஆண்டு என்றால், 31ஆம் பிரிவின்படி இரண்டாம் முறை அது ஒன்றரை மடங்காகி, 15 முதல் 30 ஆண்டாகிறது. ஆனால் முந்தைய வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும்; அதே அளவு தண்டனைக்குரிய குற்றமாகவும் இருக்க வேண்டும். நிலுவையிலுள்ள பழைய வழக்கு இதற்குப் போதாது. என் அனுபவத்தில் குடும்பத்தார் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பழைய தீர்ப்பின் நகலை விசாரணை முடியுமுன்பே வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இரு தண்டனைகளும் தாமாகவே ஒன்றாகக் கழியும் என்ற எண்ணமும் தவறு. அமிர்தசரஸில் 12 ஆண்டும் டெல்லியில் 15 ஆண்டும் பெற்ற முகமது ஜாகித், அவற்றை ஏககாலத்தில் அனுபவிக்க அனுமதி கேட்டபோது, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சட்டம் உண்மையான இரக்கம் காட்டுவது அடிமைப்பட்டவரிடம்தான். உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்தே விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம் என்பதால், மையத்தில் சேர்ப்பதோடு நில்லாமல், முழுமையாக முடித்ததற்கான சான்றையும் குடும்பத்தார் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.