குவாட்டர்பேக்: காற்பின்னரா, ஏவுநரா?

குவாட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் மனம் நேராகக் கடைப் பக்கம் போய்விடும். அதனால் இந்தச் சொல்லைத் தமிழில் ஆளும்போது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இதைத் தாண்டிப் போக முடியாது.

முதலில் பொருள். அணிக்குப் பதினொருவர், முட்டை வடிவப் பந்து. நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் தருவார். வழக்கமாக அதை வாங்குபவர்தான் குவாட்டர்பேக். எறிவதா, இன்னொருவர் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர். அடுத்த நகர்வு இன்னதென்று அணிக்குச் சொல்பவரும் அவரே.

இந்தப் பெயரில் எறிதலும் இல்லை, தலைமையும் இல்லை. நிற்கும் இடம் மட்டுமே இருக்கிறது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ‘பேக்’. ரக்பியில் ஹாஃப்பேக், ஃபுல்பேக் என்ற பெயர்கள் முன்பே இருந்தன. 1880இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் முயற்சியால் விதிகள் மாறி, தள்ளுமுள்ளுக்குப் பதிலாக ஒரு கோட்டிலிருந்து பந்தைப் பின்னால் தரும் முறை வந்தது. அதை வாங்க ஒருவர் வரிசையை ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. அரை தூரத்தில் நிற்பவருக்கும் முன்னால் என்பதால் அவர் கால் தூரத்தவர், அதாவது குவாட்டர்பேக். தொடக்கத்தில் பந்தை வாங்கிப் பின்னால் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. 1906இல் முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்த பிறகுதான் ஆட்டம் மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்தது. இன்றைக்கு அவர் பல நேரம் ஐந்து கஜம் தள்ளி நிற்கிறார். ஃபுல்பேக்கோ சில அமைப்புகளில் ஹாஃப்பேக்குக்கு முன்னால் நிற்கிறார். கணக்கு எப்போதோ குழம்பிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, தமிழில்? ‘காற்பின்னர்’ என்று நேராகப் பெயர்த்தால் கால் என்பது பாதம் ஆகிவிடும், பின்னர் என்பது ‘பிறகு’ ஆகிவிடும். நான் ‘ஏவுநர்’ என்பேன். அம்பையும் ஏவுகிறோம், ஆளையும் ஏவுகிறோம். இலக்கணத்தில் ஏவல் வினை என்றால் கட்டளை. எறிவதும் பணிப்பதுமாகிய இரண்டு வேலையும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ‘ஏவலர்’ மட்டும் வேண்டாம், அது பணியாளைக் குறித்துவிடும்.

அப்புறம் மாற்று ஆட்டக்காரர். ஆங்கிலத்தில் இவரை இரண்டாம் ‘ஸ்ட்ரிங்’ என்பார்கள். வில்லுக்கு மாற்று நாண் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஒட்டிய பேச்சு இது. ஏவுநருக்குப் பின்னால் இரண்டாம் நாண், மூன்றாம் நாண் என்றால் பொருத்தமாகவே இருக்கிறது. மூன்றாம் நாண் வீண் என்று நினைப்பவர்கள் 2014ஆம் ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் அணியைப் பார்க்கலாம். பருவம் தொடங்கும் முன்பே பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோளில் காயம். அவருக்குப் பதில் ஆடிய ஜே.டி. பாரெட்டுக்கு மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி விஸ்கான்சினை 59-0 என்று வென்றார். அடுத்து அலபாமா. 2015 ஜனவரியில் ஓரிகனை 42-20 என்று வென்று தேசியப் பட்டம்.

இன்றைக்கு ஒரு மூன்றாம் நாண் தன் முறை வரும்வரை காத்திருப்பாரா என்பது சந்தேகம். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஏவுநர் ஒருவர்தான், அவர் விழுந்தால் ஒழிய அடுத்தவருக்கு வேலை இல்லை. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் பெரும்பாலும் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. 2021இல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2024இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் தடையில்லை என்றாகிவிட்டது. ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போன ஜோ பர்ரோ 2019இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதே வாங்கினார். அதைப் பார்த்த பையன் எப்படிப் பொறுமையாகப் பெஞ்சில் உட்காருவான்?

போர்ட்டல் என்றால் வாசல்தான், ஆனால் நடைமுறையில் அது ஒரு பெயர்ப் பட்டியல். பெயர் ஏறியதும் மற்றக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பேசலாம். ஆகவே ‘மாறுதல் பதிவேடு’ போதும். ‘இடமாற்றம்’ என்றால் மேலிடத்து உத்தரவு போல ஒலிக்கிறது. இது, தானே டி.சி. வாங்கிக்கொண்டு போகிற கதை. ஓர் இடத்துக்கு எத்தனை மாற்று ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைக் குறிக்கும் ‘டெப்த்’ என்பதை ஆழம் என்று எழுதாதீர்கள், கிணறு நினைவுக்கு வரும். ‘கையிருப்பு’ என்றால் கடைக்காரர் முதல் பயிற்சியாளர் வரை எல்லாருக்கும் புரியும்.

வாக்கியத்தில்: “ஏவுநர் நால்வரில் இருவர் மாறுதல் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டார்கள், ஒருவருக்குத் தோளில் காயம், கையிருப்பில் இருப்பது முதலாண்டுப் பையன் ஒருவன்தான்.”