மேட்ச் நாளில் மது: டெக்சாஸில் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறைத்தோழன் அதிகமாகக் குடித்துவிட்டு எழுப்பினாலும் எழவில்லை என்றால் உடனே 911-ஐ அழையுங்கள். உங்களுக்கே 21 வயது ஆகவில்லை, நீங்களும் குடித்திருக்கிறீர்கள் என்றாலும் அழையுங்கள். "போலீஸ் வந்தால் விசா போய்விடுமே" என்று பயந்து, தூங்கட்டும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் உயிரை எடுக்கிறது. வழக்கு வருமோ என்ற பயத்தைப் போக்கத்தான் டெக்சாஸ் 2011-இல் ஒரு சட்டப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. தனக்கோ இன்னொருவருக்கோ மது அளவு மீறிவிட்டது என்று முதல் ஆளாக மருத்துவ உதவி கேட்கும் 21 வயதுக்குட்பட்டவர் மீது, குடித்ததற்காகவோ மதுவைக் கையில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சுமத்த முடியாது. இன்னொருவருக்காக அழைத்திருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்கு ஒத்துழைக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு வண்டி ஓட்டியதற்கோ வேறு குற்றங்களுக்கோ பொருந்தாது. அப்படியிருந்தும் அழையுங்கள் என்றுதான் சொல்வேன், எந்த வழக்கும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

எப்போது அழைப்பது? உலுக்கினாலும் விழிக்கவில்லை, அரைமயக்கத்தில் வாந்தி எடுக்கிறார், வலிப்பு வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாய்கிறது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக இருக்கிறது அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையே பத்து விநாடி ஆகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நினைவு தப்பிய பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தனியாக விடாதீர்கள். கறுப்புக் காப்பி, மோர், தலையில் தண்ணீர் எதுவும் போதையை இறக்காது. கல்லீரல் அதன் வேகத்தில்தான் வேலை செய்யும், தோராயமாக மணிக்கு ஒரு அளவு.

அந்த "ஒரு அளவு" எவ்வளவு என்பதில்தான் நம் ஊர்ப் பழக்கம் ஏமாற்றும். அமெரிக்கக் கணக்கில் ஒன்று என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பியர் என்றால் ஏறக்குறைய 355 மில்லி, 40 சதவீத விஸ்கி என்றால் 44 மில்லிதான். நம் ஊரில் ஒரு லார்ஜ் 60 மில்லி. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, நான்கு அளவைத் தாண்டிவிடும். "ஒரு குவார்ட்டர்தானே அடிச்சேன்" என்கிறவர் உடம்பில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை பாக்கி இருக்கிறது.

இனி மேட்ச் நாளுக்கு வருவோம். செப்டம்பர் தொடங்கியதும் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக ஊர்களே அமெரிக்க ஃபுட்பாலுக்காக மாறிவிடும். காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரின் கைல் ஃபீல்டு மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் மாலையில் என்றாலும் காலையிலேயே கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, கறி சுட்டு, பியர் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். இதுதான் டெயில்கேட். முன்பின் தெரியாதவரையும் கூப்பிட்டுத் தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுப்பார்கள். நல்ல மனிதர்கள், நல்ல கொண்டாட்டம், கட்டாயம் போங்கள். ஆனால் சூடு கடுமையாக இருக்கும், வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

குடிக்கச் சட்டப்படி வயது 21. 1984-இல் அமெரிக்க மத்திய அரசு, இந்த வயதை வைக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று சட்டம் போட்டது, 1988-க்குள் எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டிலும் சட்டப்படி 21தான், ஆனால் டெக்சாஸில் கடையில் நிஜமாகவே அட்டை கேட்பார்கள். பல்கலைக்கழக அடையாள அட்டை பெரும்பாலும் செல்லாது. கூட்டத்தில் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், மாநில அடையாள அட்டையோ லைசென்ஸோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 21 ஆகாதவர் குடித்தாலோ கையில் வைத்திருந்தாலோ, முதல் தடவைக்கு 500 டாலர் வரை அபராதம், அதோடு மது விழிப்புணர்வு வகுப்பு, சமூக சேவை, லைசென்ஸ் முடக்கம்.

எம்.எஸ். படிக்க வந்தவர்கள் "எனக்கு 23 ஆகிவிட்டது, எனக்கென்ன" என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் பெரிய ஆபத்து உங்களுக்குத்தான். இளங்கலை படிக்கும் 19 வயதுத் தம்பி "அண்ணா, ஒரு பியர் வாங்கிக் கொடுங்கண்ணா" என்று கேட்டு நீங்கள் வாங்கிக் கொடுத்தால், குடித்த அவனுக்கு 500 டாலர் வரை அபராதம், கொடுத்த உங்களுக்கு 4,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காசு வாங்காமல் சும்மா கொடுத்தாலும் குற்றம்தான். உங்கள் அபார்ட்மென்ட் விருந்துக்கும் இதே விதி. அன்பாகக் கேட்கிறானே என்று யோசிக்காதீர்கள், முடியாதுப்பா என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வண்டி. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தாலே குடித்து ஓட்டிய குற்றம், அதற்குக் கீழே இருந்தாலும் நிதானம் தவறியது தெரிந்தால் வழக்கு வரும். முதல் தடவைக்கே 2,000 டாலர் வரை அபராதம், 180 நாள் வரை சிறை. 21-க்குக் கீழே இருந்தால் 0.08 கணக்கே கிடையாது, மது இருப்பது தெரிந்தாலே குற்றம். பயணிகள் உட்காரும் பகுதியில் திறந்த பாட்டில் இருப்பதும் தனிக் குற்றம், வண்டி சாலையோரம் நின்றுகொண்டிருந்தாலும் சரி. மிச்சமானதை டிக்கியில் வையுங்கள். காலையிலேயே யார் குடிக்காமல் ஓட்டுவது என்று முடிவு செய்துவிடுங்கள், அல்லது பஸ்ஸில் போய்விடுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம், 2015-இலிருந்து இதுதான் நடைமுறை. விசா ரத்து என்றால் உடனே படிப்பு முடிந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் ஊருக்கு வந்தால் திரும்பிப் போகப் புது விசா வேண்டும், அதற்கு மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும், மறைத்தால் அது இன்னும் பெரிய குற்றம்.

சின்ன அபராதச் சீட்டு வந்தால்கூட, ஆன்லைனில் பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். பணம் கட்டினால் குற்றவாளி என்று தீர்ப்பானதாகவே பதிவாகும். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களுக்கென்றே சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அங்கே சீட்டைக் காட்டி, விசாவில் இருப்பதையும் சொல்லிவிட்டு, தீர்ப்பை ஒத்திவைத்து வழக்கை முடிக்கும் வழி உண்டா என்று கேளுங்கள். சீட்டில் போட்டிருக்கும் தேதிக்குள் கேட்க வேண்டும்.