பேசி முடிச்சிரலாம்னு சொல்றவங்களுக்கு

நம்ம ராமநாதபுரம் கடற்கரையில எந்தத் தகராறா இருந்தாலும் மொதல்ல ஊர்ல பேசித்தான் முடிப்போம். வலை அறுந்தாலும் வல்லம், அதான் மீன்பிடிப் படகு, மோதினாலும் பங்குல பிரச்சினை வந்தாலும் கிராமக் கமிட்டியோ ஜமாத்தோ ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசும், அபராதம் போடும், மறுநாள் ரெண்டு பேரும் ஒரே கடலுக்குத்தான் போயாகணும், அதனால அந்த முறை அங்க நல்லாவே வேலை செய்யுது. அதே பழக்கத்தைக் கொண்டுபோய் காலேஜ்ல வர்ற பாலியல் தொந்தரவு புகார்ல வைக்கும்போதுதான் பொண்ணுங்க தோத்துப் போறாங்க. நான் வக்கீல், இந்தப் பக்கத்து கல்லூரிகள்ல உள் புகார் குழுவுக்கு, அதான் எல்லாரும் ஐசிசின்னு சொல்றது, வெளி உறுப்பினரா போறவ. திரும்பத் திரும்ப நான் பாக்குறது இதைத்தான்.

ஒரு சார் தப்பா நடந்துக்கிட்டாருன்னு ஒரு பொண்ணு தைரியமா போய் துறைத் தலைவர்கிட்ட சொல்லுவா. அவர் அந்த சாரைக் கூப்பிட்டு விசாரிப்பாரு, அவரு இல்லவே இல்லம்பாரு, அப்புறம் ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல நிக்க வச்சு "ஏம்மா, அவரு உங்க அப்பா வயசு, தெரியாம நடந்துருச்சு, பெருசு பண்ணாத"ன்னு சொல்லி ஒரு மன்னிப்பு லெட்டர் வாங்கி ஃபைல்ல போட்டுருவாங்க. பேசுனவங்க நல்ல மனசோடதான் பேசியிருப்பாங்க, ஆனா சட்டப்படி அவங்களுக்கு அந்த வேலையே கிடையாது. வேலை பாக்கிற இடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டத்துல சமரசம்னு ஒண்ணு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதைக் கேக்க வேண்டியது பாதிக்கப்பட்ட பொண்ணு மட்டும்தான், அதுவும் விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடி, குழு மூலமாத்தான், பணத்தை வச்சு முடிக்கவே கூடாது. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் இவங்க யாரும் குழுவுல உறுப்பினராவே இருக்கக் கூடாதுன்னு யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2015ல போட்ட விதி சொல்லுது, ஏன்னா அதிகாரத்துல இருக்கறவங்க உக்காந்தா பேச்சு தானாவே சமாதானத்துப் பக்கம் சாஞ்சிரும்.

அடுத்து ரகசியம். தங்கச்சிமடத்துலயிருந்தோ கீழக்கரையிலயிருந்தோ தேவிபட்டினத்துலயிருந்தோ படிக்க வர்ற பொண்ணுக்கு, பல வீட்டுல அவதான் முதல் பட்டதாரி, அவளோட பெரிய பயம் அந்த சார் கிடையாது, விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்சா "படிச்சது போதும், வா"ன்னு சொல்லிருவாங்களேங்கறதுதான். இது பொய் பயம்னு யாரும் சொல்ல முடியாது, அப்படி நின்னுபோன படிப்பை நான் கண்ணால பாத்திருக்கேன். மண்டபம் ஊர்ல மதியம் சொன்னது சாயங்காலத்துக்குள்ள பாம்பன்ல தெரிஞ்சிரும். சட்டத்தோட 16வது பிரிவு பேரு, முகவரி, புகார்ல இருக்கறது, விசாரணையில நடக்கறது எதையும் வெளிய விடக் கூடாதுங்குது, ஆனா வகுப்பு நடந்துட்டு இருக்கும்போது அட்டெண்டர் வந்து வாசல்ல நின்னு "ஐசிசில கூப்புடுறாங்க"ன்னு அவ பேரைச் சொன்னா அங்கயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. தயவுசெஞ்சு அவ போனுக்கே கூப்பிடுங்க, பிரின்சிபால் ரூமுக்குப் பக்கத்துல இல்லாம லைப்ரரி மாடியில எங்கயாச்சும் வச்சு விசாரிங்க, பதினெட்டு வயசு தாண்டுன பொண்ணைக் கேக்காம அவ அப்பாவுக்குப் போன் போடாதீங்க.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, கடல். கடல்சார் படிப்பு படிக்கிற பிள்ளைங்க, பிஎச்டி பண்றவங்க எல்லாம் சாம்பிள் எடுக்க வல்லத்துல போறாங்க, கடற்புல்லு, பவளப்பாறை, பாசின்னு மன்னார் வளைகுடா தீவுப் பக்கம் விடியக்காலையில கெளம்பி வெயில் ஏறுனப்புறம் திரும்புறாங்க, சில நேரம் வெளியூர்ல ராத்தங்க வேண்டியும் வரும். அங்க கைடு, அதான் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற பேராசிரியர், தப்பா நடந்துக்கிட்டா "அது காலேஜுக்கு வெளிய நடந்தது"ன்னு கை கழுவுற நிர்வாகம் உண்டு. அது தப்பு. யுஜிசி விதியில வளாகம்ங்கற வார்த்தைக்குள்ள களப்பயணம், இன்டர்ன்ஷிப், சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, போற வண்டி எல்லாமே அடக்கம். வல்லமும் வளாகம்தான். வல்லத்துக்காரரு பாத்திருந்தா அவரையும் சாட்சியா கூப்பிடலாம், குழுவுக்கு அந்த அதிகாரம் இருக்கு, அவரு கையெழுத்துப் போடத் தெரியாதவரா இருந்தாலும் சொன்னதை எழுதி வாசிச்சுக் காட்டி கைரேகை வாங்கிக்கலாம்.

கைடு மேல புகார்னா இன்னொரு சிக்கல். ஃபெலோஷிப் உதவித்தொகை பில்லுல கையெழுத்து, ஆராய்ச்சியைப் பாத்துச் சொல்ற டாக்டரல் கமிட்டி மீட்டிங், ஆய்வேட்டுச் சுருக்கமான சினாப்சிஸ் எல்லாமே அவரு கையில, நாலு வருச உழைப்பு அவரு ஒரு பேனாவுல தொங்குது. அதனால விசாரணை முடியிற வரைக்கும் அந்தப் பொண்ணோட வேலையை அவரு மதிப்பிடக் கூடாதுன்னு குழு இடைக்காலப் பரிந்துரை கொடுக்கலாம், அவளுக்கு மூணு மாசம் வரைக்கும் லீவும் கேக்கலாம். இதை முதல் கூட்டத்துலயே செய்யுங்கன்னு நான் சண்டை போடுறேன், ஏன்னா இது இல்லாம நடக்கிற விசாரணையில பாதியிலயே புகாரைத் திருப்பி வாங்கிக்கிறாங்க.

இதுவரைக்கும் படிச்சிட்டு நான் ஒரு பக்கமாப் பேசுறேன்னு நெனைக்காதீங்க. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் முழு வாய்ப்பு குடுத்தே ஆகணும். புகார் வந்த 7 நாளுக்குள்ள அவருக்கு நகல் போகணும், பதில் சொல்ல 10 நாள், சாட்சிகளோட பட்டியலும் அவரு தரலாம், விசாரணை 90 நாளுக்குள்ள முடியணும், முடிஞ்ச 10 நாள்ல அறிக்கை. கோவா பல்கலைக்கழகத்துல ஒரு பேராசிரியர் மேல வந்த புகார்களை குழு அவசர அவசரமா விசாரிச்சு, அவரு தன் பக்கத்தைச் சொல்லப் போதுமான நேரம் குடுக்கலன்னு 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொல்லுச்சு. புகார் 2009ல வந்தது. அத்தனை வருசம் கழிச்சு அந்தப் பொண்ணுங்களை மறுபடி அந்த விசாரணைக்குள்ள இழுக்கறது எவ்வளவு கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க. அவசரப்பட்டா கடைசியில அடி வாங்குறது புகார் குடுத்தவதான்.

"ஏன் அன்னைக்கே சொல்லல", "ஏன் அவரு மெசேஜுக்கு ஸ்மைலி போட்ட"ன்னு கேக்கிற உறுப்பினர்கள் இன்னமும் இருக்காங்க. கைடுக்குப் பதில் போடாம ஒரு ஸ்காலர் எப்படி இருக்க முடியும்? சட்டம் குடுக்கிற நேரம் கடைசிச் சம்பவத்துலயிருந்து 3 மாசம், காரணம் இருந்தா குழு இன்னொரு 3 மாசம் நீட்டிக்கலாம். நேர்ல பாத்த சாட்சி இல்லன்னா புகார் பொய்னு ஆகாது, நிரூபிக்க முடியலங்கறதுக்காக மட்டும் அவ மேல நடவடிக்கை எடுக்கவும் முடியாது.

பாகுபாடும் ஒரு புகார்தான், அதை யாரும் எழுதிக் குடுக்கிறதே இல்ல. ஹாஸ்டல்ல மீனவ வீட்டுப் பிள்ளைகிட்ட "உன் பெட்டியத் தொறந்தாலே மீன் நாத்தம்"னு சொல்லி ரூம் மாத்தச் சொல்றது, வைவாங்கற வாய்மொழித் தேர்வுல "நீங்கல்லாம் படிக்க வந்துட்டீங்களா"ன்னு கேக்கறது, இதெல்லாம் கிண்டல்னு விட்டுறாங்க. சாதி, மதம், மொழி, பாலினம், மாற்றுத்திறன் பாத்து ஒதுக்குறதுக்கு எதிரா யுஜிசி 2012லயே விதி போட்டு, பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருத்தர் இருக்கணும்னு சொல்லியிருக்கு. உங்க காலேஜ்ல அது யாருன்னு கேளுங்க. பட்டியலின, பழங்குடி மாணவர்னா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கு, அது போலீஸ் வழி. பசங்களும் திருநர் மாணவர்களும்கூட பாதிக்கப்படுறாங்கன்னு 2015 விதி ஒத்துக்குது, அவங்களும் தயங்க வேண்டாம்.

புகார் எழுதப் போறவங்களுக்கு. தமிழ்லயே எழுதுங்க, தேதி, இடம், சொன்ன வார்த்தை, அப்ப பக்கத்துல யாரு இருந்தா, அப்புறம் யாருகிட்ட மொதல்ல சொன்னீங்க, இதைச் சாதாரணமா எழுதுனாப் போதும். எழுத முடியலன்னா எழுத உதவ வேண்டியது குழுவோட கடமை. வாட்ஸ்ஆப் மெசேஜை அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே ஈமெயில் பண்ணி வைங்க. குடுத்ததுக்கு தேதி போட்டு சீல் வச்ச நகல் கேட்டு வாங்குங்க. ஹாஸ்டல் சமையல்காரம்மா, கான்ட்ராக்ட்ல துப்புரவு வேலை பாக்கிற அக்கா எல்லாருக்கும் இதே குழுதான், தினக்கூலியா இருந்தாலும் சரி. நிர்வாகத் தலைமை மேலயே புகார்னா கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட உள்ளூர் குழுவைக் கேளுங்க. போலீசுக்குப் போகணும்னு நெனைச்சா குழு முடிக்கட்டும்னு காத்திருக்கத் தேவையில்ல, மகளிர் ஸ்டேஷனுக்கு நேரா போகலாம், அவசரம்னா பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் அடிக்கலாம்.