தோம் கா: அது இஞ்சி அல்ல, அரத்தை

தேங்காய்ப்பாலில் செய்யும் தாய்லாந்து சூப்புக்குத் தமிழில் வரும் செய்முறைகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் "தாய் இஞ்சி" என்றுதான் இருக்கிறது. போன வாரம் எதிர்வீட்டு அக்கா அப்படி ஒன்றைப் படித்துவிட்டு, "எந்த இஞ்சியா இருந்தா என்ன" என்று வீட்டில் இருந்ததையே ஒரு விரல் நீளத்துக்குத் தட்டிப் போட்டுவிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய இஞ்சிக் கஷாயம். அவர்மேல் தப்பில்லை, அந்தச் சொல்லை எழுதியவர்மேல்தான் தப்பு.

அந்த சூப்பின் பெயர் தோம் கா. தாய் மொழியில் 'தோம்' என்றால் கொதிக்க வைப்பது, 'கா' என்றால் அரத்தை. பெயரில் தேங்காயே கிடையாது. 'தோம் கா கை' என்று இருந்தால் கோழி போட்டது, 'தோம் கா ஹெத்' என்றால் காளான் போட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்க வேண்டியது இரண்டாவதை. அதிலும் மீன் சாஸ் சேர்ப்பார்கள் என்பதால் அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இந்த "தாய் இஞ்சி"க்கு வருவோம். தாய்லாந்துக்காரர்களுக்கு இஞ்சி தெரியாதா? இஞ்சிக்கு அவர்களிடம் 'கிங்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. 'கிங்' வேறு, 'கா' வேறு. ஆங்கிலத்தில் சிலர் வசதிக்காக வைத்த பெயரை நாம் அப்படியே தமிழாக்கி, அவர்களே பிரித்து வைத்த இரண்டையும் ஒன்றாக்குகிறோம். இரண்டும் ஒரே குடும்பம் என்று சமாதானம் சொல்வார்கள். மஞ்சளும் ஏலக்காயும்கூட அதே குடும்பம்தான். மஞ்சளை யாராவது "மஞ்சள் இஞ்சி" என்கிறோமா?

சிலர் அரத்தையின் ஆங்கிலப் பெயரான galangal என்பதை ஒலிபெயர்த்து "கலங்கல் 10 துண்டு சேர்க்கவும்" என்று எழுதுகிறார்கள். அந்த ஆங்கிலப் பெயர் அரபு வழியாக வந்தது, அரபுக்குச் சீனத்திலிருந்து போனது என்பார்கள். சரி, இருக்கட்டும். தமிழில் கலங்கல் என்றால் கலங்கிய தண்ணீர், ஏரியின் உபரி நீர் வழியும் இடம். அதில் எதைப் பத்துத் துண்டு போடுவது? மொழிபெயர்ப்பவர் அகராதியை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதுமே. மலையாளத்திலும் சிங்களத்திலும்கூட 'அரத்த' என்ற பெயர் புழங்குகிறது. நம்மிடம் இல்லாத பொருளா இது? தீபாவளி லேகியத்துக்கு வாங்குகிறோமே சித்தரத்தை, அது சிற்றரத்தை. அதன் பெரிய இனம் பேரரத்தை. தோம் காவில் போடுவது இந்தப் பேரரத்தையைத்தான், அதுவும் பச்சையாக.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். தோல் வழவழப்பாக, வளையம் வளையமாகக் கோடு ஓடியிருக்கும். முளை இளஞ்சிவப்பு. இஞ்சியை வெட்டுகிற கத்திக்கு எளிதில் மசியாது, அழுத்தி வெட்ட வேண்டும். உள்ளே வெள்ளை, மணம் கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி. நான் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா முகர்ந்துவிட்டு, "இது எங்கம்மா இருமலுக்குக் கொடுக்கிற மருந்து வாசனைதானே?" என்றார். "அரத்தை" என்று எழுதியிருந்தால் முதல் நாளே அவருக்குப் புரிந்திருக்கும்.

இதற்குத் தமிழில் "அரத்தை சூப்" என்றே சொல்லலாம். 'சூப்' எல்லார் வாயிலும் புழங்கும் சொல், அதோடு எனக்குச் சண்டை இல்லை. "தாய் சூப்" என்று மட்டும் எழுதாதீர்கள், படிக்கிறவருக்கு அம்மாதான் நினைவுக்கு வருவார். "தாய்லாந்து" என்று முழுசாக எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

செய்வது எளிது. இரண்டாம் பாலில் மெல்லிசாக நறுக்கிய அரத்தைத் துண்டுகள் பத்து, நசுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டு போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். அப்புறம் காளான், மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், கீறிய மிளகாய். காளான் வெந்ததும் முதல் பால். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். அரத்தைத் துண்டுகளை மெல்ல வேண்டாம், ஒதுக்கிவிடலாம். இலையும் ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் makrut lime என்கிற மரத்தின் இலை. அதை "எலுமிச்சை இலை" என்று எழுதுவதும் தப்புதான். அது வேறு மரம், இரண்டு இலை ஒட்டினாற்போல இருக்கும். கிடைக்காதவர்கள் வேப்பிலைக்கட்டிக்குப் பறிக்கிற நாரத்தை இலையில் இரண்டைக் கிள்ளிப் போடுங்கள்.